ஆலோசகர் வீட்டுச் சண்டை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

தம்பதியர் ஆலோசகராக 12 ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஊருக்கு உபதேசம் செய்கிறீர்களே, உங்கள் வீட்டில் சண்டை வருமா?

பதில்: போன வாரம்கூட வந்தது, துவைத்த துணியை யார் மடிப்பது என்று. தம்பதியரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், அவர்களுடைய பிணக்குகளில் 69 சதவீதம் தீராமல் திரும்பத் திரும்ப வருபவை என்கிறார். எங்கள் கணக்கில் துணி மடிப்பும் அதில் சேர்த்தி.

கேள்வி: என் மனைவி ஆலோசகர். நான் கோபப்பட்டால், "இப்போது உங்களுக்குள் என்ன நடக்கிறது?" என்று மென்மையாகக் கேட்கிறாள். எனக்குக் கோபம் இன்னும் ஏறுகிறது. தப்பு என் மேலா?

பதில்: இல்லை ஐயா. நானும் அப்படிக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள்தான். "எனக்கு ஆலோசகர் வேண்டாம், நீ பேசு" என்றார் என் கணவர். வேலையில் ஆலோசகர்களாகிய நாங்கள் கணவன், மனைவி இருவருக்கும் நடுவில் உட்காருகிறோம். வீட்டில் நானே ஒரு தரப்பு. அங்கேயும் நடுவர் நாற்காலியில் ஏறிக்கொண்டால், எதிரில் இருப்பவர் நோயாளி ஆகிவிடுகிறார். குறைகூறல், இளக்காரம், தற்காப்பு, பேச்சை அடைத்துக்கொள்ளுதல் ஆகிய நான்கும் உறவை அரிப்பவை என்று காட்மன் பட்டியலிட்டார். அந்தப் பட்டியலைப் படித்த நான் செய்தது என்ன? "இது உங்கள் தற்காப்பு" என்று அவருக்குச் சீட்டு ஒட்டினேன். அதுவே குறைகூறல் என்பது உறைக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது! அடுத்த முறை, "நீயும் கோபப்படேன்" என்று உங்கள் மனைவியிடம் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: துரோகக் கதைகளையே கேட்டுக்கொண்டிருந்தால் துணை மீது சந்தேகம் வராதா?

பதில்: வந்தது. என் கணவர் எப்போதும் கைப்பேசியைக் கவிழ்த்துத்தான் வைப்பார். அது ஒரு மாதம் திடீரென்று என் கண்ணை உறுத்தியது. என் வேலையை வழிநடத்தும் மூத்த ஆலோசகரான மேற்பார்வையாளரிடம் சொன்ன பிறகுதான், அது யாருடைய கதை என்பது எனக்கே புரிந்தது. இதைவிடச் சிரமம் ரகசியம் காப்பது. முகம் வாடி வீடு திரும்புவேன், காரணம் சொல்ல முடியாது. நான் அவரிடம் முறைத்துக்கொண்டிருப்பதாகவே அவருக்குத் தோன்றும். இப்போது "இன்று கனமான நாள், உங்களால் அல்ல" என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: நன்மை ஏதும் உண்டா?

பதில்: மன்னிப்புக் கேட்பதைத் தள்ளிப்போடுவதில்லை. தள்ளிப்போட்டவர்களைத்தானே தினமும் பார்க்கிறேன்.

கேள்வி: சொந்தக்காரர்களுக்கு ஆலோசனை தருவீர்களா?

பதில்: மாட்டேன். என் தங்கைக்கே வேறொருவரின் எண்ணைத்தான் கொடுத்தேன். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.