வாசலில் நிற்கும் பறை

அன்புள்ள அண்ணனுக்கு,

கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டின் உள்முற்றமான வளவில் மாசி மாதம் ‘பரிமாற்றம்’ என்ற பெயரில் ஒரு நிகழ்ச்சி. ஆஸ்திரேலியாவின் ஆர்னம் லேண்டிலிருந்து யொல்ஙு பழங்குடிக் குழு வந்து யிடாக்கி என்னும் நீண்ட மரக்குழலை ஊதிப் பாடுகிறது. வாசலில் பறைக்குழுவின் வரவேற்பு பத்து நிமிடம். பிறகு உள்ளே கச்சேரி. கடைசியில் யிடாக்கியும் நாகஸ்வரமும் சேர்ந்து ஒரு பாட்டு. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் கரியாகிவிடும் என்பதால் பறை காய்ச்ச நெருப்பு வேண்டாம், ஃபைபர் பறை போதும் என்று சொல்லிவிட்டோம். அவர்கள் மொழி நம் மக்களுக்குப் புரியாதே, என்ன செய்வது?

காரைக்குடி வாசகர்

தம்பி,

மொழி ஒரு தடையே இல்லை. ஒவ்வொரு பாட்டும் எதைப் பற்றியது என்று பாடுகிறவரிடமே கேட்டு, தமிழில் இரண்டு வரி சொல்லுங்கள். மணிக்காய் என்னும் அவர்களுடைய பாட்டு மரபில் பாட்டு குலத்துக்கும் அதன் நிலத்துக்கும் உரியது. ஒன்பது கோயில்களாகப் பிரிந்த நகரத்தார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எதைப் பதிவு செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதையும் யொல்ஙு குழுவினரே சொல்லட்டும்.

என்னை உறுத்துவது அந்தப் பத்து நிமிடம். கொஞ்ச நாளாகவே மனதில் கிடந்த விஷயம், உங்கள் கடிதம் கிளறிவிட்டது. கடல் தாண்டி வரும் பழங்குடிக்கு வளவு, பக்கத்து ஊர்ப் பறைக்கு வாசல். இதற்கா பரிமாற்றம் என்று பெயர் வைத்தீர்கள்? அதிலும் நெருப்பு கூடாதாம்! யிடாக்கிக்காரரிடம் மரம் வேண்டாம், பிளாஸ்டிக் குழாய் கொண்டுவாருங்கள் என்று சொல்வீர்களா?

பறையின் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய மாட்டுத்தோல் காற்றின் ஈரத்தைக் குடித்துத் தொய்யும். மாசிப் பனி இறங்கும் நேரத்தில் கால்மணி, அரைமணியிலேயே தொய்ந்துவிடும். பிறகு மெல்லிய சிம்புக்குச்சியின் அடி தெறிக்காது, தடித்த அடிக்குச்சியின் அடி சொதசொதவென்று விழும். காய்ச்சினால்தான் தோல் இறுகிக் குரல் ஏறும். கல் கெடாமல் காய்ச்ச வழி இருக்கிறது. பின்கட்டில் வானம் தெரியும் இடத்தில் இரும்புத் தகடு போட்டு, மேலே மூன்று விரற்கடைக்கு மணல் பரப்பி, அதன்மேல் பழைய இரும்புச் சட்டியை வையுங்கள். எரிக்கக் காய்ந்த பனையோலையோ வைக்கோலோ போதும். விறகு வேண்டாம், தணல் ஓரிடத்திலேயே தாக்கித் தோலைக் கருக்கும். பறையைத் தீக்கு மேலே தள்ளிப் பிடித்துச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் அந்த இடம் மட்டும் சுருங்கி விளிம்பில் கிழியும். சுண்டிப் பார்த்து, கணீரென்றதும் எடுத்துவிட வேண்டும். இதெல்லாம் பறைக்காரருக்கு அத்துப்படி. உங்கள் வேலை இடம் கொடுப்பது, பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர் வைப்பது. ஆறு பேர் அடித்தால் எட்டுப் பறை வரட்டும். இரண்டு எப்போதும் தீயருகே இருக்கட்டும்.

யிடாக்கி, கறையான் குடைந்த யூகலிப்டஸ் மரம். நீளமும் உள்துளையும் வைத்ததுதான் அதன் சுருதி, மேடையில் மாற்ற முடியாது. நாகஸ்வரம் எத்தனை கட்டைச் சுருதி என்று இப்போதே எழுதி, அதற்கு ஒத்த கருவியாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஊதும் வாயில் தேன்மெழுகு இருந்தால் வெயிலில் நிற்கும் காருக்குள் இளகிவிடும். ஏசி அறையின் வறட்சியில் மரம் வெடிக்கும்.

முட்டைச் சுண்ணாம்புச் சுவரும் கல் தரையும் பறையைப் பல மடங்கு முழக்கிக் காட்டும். யிடாக்கியின் கார்வை அதில் மூழ்கிவிடும். ஜமக்காளம் விரித்து ஆட்களை நெருக்கமாக உட்கார வையுங்கள், எதிரொலி குறையும். பறையையும் யிடாக்கியையும் ஒரே நேரத்தில் வைக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக, சம நேரம் கொடுங்கள். யிடாக்கியின் கீழ்வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் மைக் போதும்.

விருந்தாளிக்குப் பறையைப் பரிசாகக் கொடுப்பதானால் ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் தோல், மரம் இரண்டையும் அறிவிக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டு குழுவுக்கும் ஒரே பந்தி. அழைப்பிதழில் இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில் வரட்டும். அச்சடித்துவிட்டீர்கள் என்றால் மறுபடி அடியுங்கள்.