'அப்லே' (appeler, அழைத்தல்) என்னும் பிரெஞ்சு வினையின் அசையும் ஒலிப்பும்: கேள்வி பதில்

கேள்வி: 'நாங்கள் அழைக்கிறோம்' என்னும் வடிவம் புத்தகத்தில் அப்-பெ-லோன் என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. ஒலிப்பதிவில் இரண்டு அசைதான் கேட்கிறது. எது சரி ஐயா?

பதில்: இரண்டுமே சரி. வரியின் முடிவில் சொல்லை உடைத்து எழுத நேர்ந்தால் இரட்டை மெய்க்கு நடுவில் வெட்டுவது பிரெஞ்சு அச்சு மரபு. புத்தகம் காட்டுவது அதைத்தான். பேச்சிலோ நடுவிலுள்ள ஈ (e) எழுத்தின் ஒலி விழுந்துவிடுவதால், ப், ல் இரண்டும் சேர்ந்து அடுத்த அசையைத் தொடங்கி, அ-ப்லோன் என்று ஒலிக்கும். இறுதி ன் வெறும் மூக்கொலி. நாக்கு மேலே தொடக் கூடாது. துலூஸ், மார்செய் போன்ற தென்பகுதி நகரங்களில் அந்த ஈ ஒலியை விடாமல் சொல்வோர் உண்டு. அவர்களிடம் மூன்று அசையும் கேட்கும்.

கேள்வி: 'ஜப்பெல்' (நான் அழைக்கிறேன்) என்பதில் 'அப்பா' போலப் பகரத்தை அழுத்த வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒற்றைப் பகரம் தமிழில் சொல்லின் நடுவே மென்மையாகிவிடும் என்பதால்தான் நாம் 'ப்ப' என்று எழுதுகிறோம். பிரெஞ்சில் இரண்டு பி எழுதியிருந்தாலும் ஒலி ஒன்றே: வல்லினமாக, ஆனால் இரட்டிக்காமல், ஜ-பெல் என்று சொல்லுங்கள். நம்மவர் நாக்கு வழுக்கும் இடம் இதுதான் என்பதால் இதை மட்டும் தனியே பயிலுமாறு வேண்டுகிறேன்.

கேள்வி: இங்கே எல் ஏன் இரட்டிக்கிறது?

பதில்: அடுத்து வரும் ஈ ஒலிக்காதபோது முந்தைய ஈ விரிந்த 'எ' ஆகிறது, அதைக் காட்டவே இரண்டு எல். 1990 எழுத்துச் சீர்திருத்தம் இவ்வகை வினைகள் பலவற்றில் இரட்டிப்புக்குப் பதிலாக ஈயின் மேல் இடும் ஒலிக்குறியை (è) ஏற்றது. ஆனால் அப்லே, ஜெத்தே (எறிதல்) ஆகியவற்றையும் அவற்றின் வழிவந்த சொற்களையும் பழையபடியே விட்டது.

கேள்வி: பன்மையின் ஈ-என்-டி விகுதி ஒலிக்குமா?

பதில்: ஒலிக்காது. ஆயினும் 'அவன் அழைக்கிறான்' இ-ல-பெல் என்றும், 'அவர்கள் அழைக்கிறார்கள்' இல்-ஸ-பெல் என்றும் பிரியும். பிரதிப்பெயரின் எஸ், குரல் அதிரும் ஸகரமாகி வினையின் முதல் அசையில் ஒட்டுவதால்தான் பன்மை காதுக்குத் தெரிகிறது.

கேள்வி: எதிர்கால வடிவத்திலும் நடு ஈ விழுமா?

பதில்: விழும், 'அழைப்போம்' என்பது அ-பெல்-ரோன். ஆனால் 'முடிந்தால் அழைப்போம்' என்பது போன்ற நிபந்தனை வடிவில் ல், ர், ய் மூன்றும் அடுத்தடுத்து மோதுமாதலால் ஈ தங்கிவிடுகிறது. அ-பெ-ல-ரியோன் என நான்கு அசை.