முந்திரிப் பருப்பும் மூன்று பேர் குழுவும்

கேள்வி: தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் எந்த நிலையில் இருக்கின்றன என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நேர்மையான நிபுணர்கள் குழு ஒன்றை அமைத்து மதிப்பிட்டால் என்ன? ப்ளஸ் டூ முடிக்கும் என் மகளை அரசுக் கல்லூரியில் சேர்க்கலாமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: குழுவா? ஐயா, நம் உயர்கல்வியில் ஆசிரியருக்குப் பஞ்சம் உண்டு, விடுதிக்குப் பஞ்சம் உண்டு, கழிப்பறைத் தண்ணீருக்குப் பஞ்சம் உண்டு. குழுவுக்கு மட்டும் ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்தையே பாருங்கள். 1857-இல் கல்கத்தா, பம்பாயோடு சேர்ந்து பிறந்தது. 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்தவரைக் கண்டுபிடிக்கத் தேடுதல் குழு அமைக்க வேண்டும். அந்தக் குழுவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) பிரதிநிதி இருந்தே ஆகவேண்டும் என்றார் ஆளுநர். தேவையில்லை என்றது மாநில அரசு. தேடுகிறவர்கள் யார் என்பதே முடிவாகாததால் தேடலே நடக்கவில்லை. சரி, அதுவரை பல்கலைக்கழகத்தை யார் நடத்துவது? அதற்கு ஒருங்கிணைப்பாளர் குழு, உயர்கல்வித் துறைச் செயலர் தலைமையில். துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை அரசுக்கு மாற்றும் மசோதாக்களை ஆளுநர் கிடப்பில் போட, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 ஏப்ரலில் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அடுத்த மாதமே, துணைவேந்தர் நியமனம் பற்றிய அந்தச் சட்டத்திருத்தங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது.

இந்தக் கூத்துக்கு நடுவே, துணைவேந்தர் நாற்காலி காலியான அதே 2023-இல்தான் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, கல்வி நிறுவனங்களை மதிப்பிட்டுத் தரம் வழங்கும் நாக் அமைப்பின் உச்ச மதிப்பான 'ஏ பிளஸ் பிளஸ்' கிடைத்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் வருமான வரித் துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியது. ஏ பிளஸ் பிளஸ் சான்றிதழைக் காட்டி ஓய்வூதியம் வாங்க முடியுமா என்று ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் யாராவது முயன்று பார்த்தார்களா, தெரியவில்லை.

நீங்கள் கேட்கும் 'நிபுணர் குழு' ஏற்கெனவே இருக்கிறது. 1994-இலிருந்து இருக்கிறது. பெங்களூருவிலிருந்து நாக் அனுப்பும் குழு. அது வருகிறது என்று தெரிந்ததும் ஒரு கல்லூரிக்கு வரும் காய்ச்சலைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பத்து வருடமாகச் சுண்ணாம்பு காணாத சுவர் மஞ்சளாகும். நர்சரியிலிருந்து தொட்டிச் செடிகள் வாடகைக்கு வரும். குழு கிளம்பிய மறுநாள் அவையும் கிளம்பும். நூலகத்தில் தூசி தட்டுவார்கள், தட்டிய தூசியில் நூலகர் தும்முவார். ஏணிப்படிக்கு அடியில் கிடந்த உடைந்த பெஞ்சுகள் மாயமாகும். எந்த அறையிலும் இல்லாத மின்விசிறி ஒரு அறையில் மட்டும் சுற்றும். அந்த அறைக்குத்தான் குழுவை அழைத்துப் போவார்கள். வாசலில் கோலம், நாதஸ்வரம், ஃப்ளெக்ஸ், பொன்னாடை. அப்புறம் முந்திரிப் பருப்பு.

இந்த முந்திரிப் பருப்பைப் பற்றி நான் முன்பும் எழுதியிருக்கிறேன், மறுபடியும் எழுதுவேன். சேலத்திலிருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் "முந்திரியில் என்ன ஊழல் கண்டீர்?" என்று கேட்டு மாதம் தவறாமல் அஞ்சலட்டை போடுகிறார். ஊழல் அல்ல ஐயா, விகிதம். வேதியியல் ஆய்வகத்தில் பிப்பெட்டுக்கு வரிசையில் நிற்கும் கல்லூரியில் ஒரு தட்டு முந்திரி, ஒரு தட்டு பாதாம், நடுவில் பேரீச்சை என்று மூன்று நாளும் மேஜை நிறைந்திருந்தால் அந்தத் தட்டையும் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான். பிஸ்கட்டோடு நிறுத்தும் கல்லூரிக்கு அரை மதிப்பெண் கூடுதலாகத் தரலாம். பொன்னாடைக்குக் கழிக்கலாம். பேராசிரியரின் அடுத்த அட்டையை எதிர்பார்க்கிறேன்.

வந்து இறங்குகிறவர்கள் பெரும்பாலும் வெளிமாநிலத்தவர். பாரபட்சம் வரக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு, நல்லதுதான். ஆனால் தமிழ்வழியில் படிக்கும் பி.ஏ. வரலாற்று மாணவியிடம் "குறை ஏதாவது உண்டா?" என்று அவர்கள் ஆங்கிலத்தில் கேட்க, அதை மொழிபெயர்ப்பவர் அந்தக் கல்லூரியின் பேராசிரியர். அந்தப் பெண் என்ன சொல்லுவாள்?

இதில் நேர்மை வேறு கேட்கிறீர்கள். 2025 பிப்ரவரியில் ஆந்திராவின் குண்டூரில் ஒரு தனியார் கல்வி நிறுவனத்தைப் பார்வையிடப் போன நாக் குழுவின் தலைவரையும் உறுப்பினர்களையும் சிபிஐ கைது செய்தது. நல்ல மதிப்பெண்ணுக்காக ரொக்கம், தங்கம், கைப்பேசி, மடிக்கணினி என்று கைமாறியதாகக் குற்றச்சாட்டு. நம் அரசுக் கல்லூரிகளிடம் தங்கம் கொடுக்கும் வசதி இல்லை. ஏழ்மையால் வந்த ஒழுக்கம்!

இன்னொரு வகைக் குழுவும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகளைப் பார்வையிடும் ஆய்வுக் குழு. அந்தக் கல்லூரிகளில் ஒரே ஆசிரியர் ஒரே ஆண்டில் பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரமாக வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டியிருந்ததை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்தது. குழு நேரில் போய்ப் பார்த்தும் அகப்படாதது, பல்கலைக்கழகம் தானே வெளியிட்ட பட்டியலை உட்கார்ந்து படித்தவர்களுக்கு அகப்பட்டது. இது நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கென்று புதிதாகத் தொடங்கிய பிரிவில் அண்ணா பல்கலைக்கழகம் முதலிடம். இரண்டும் உண்மை. பல்கலைக்கழகத்தின் சொந்தக் கிண்டி வளாகம் நல்ல வளாகம். இணைப்புக் கல்லூரிகளின் கதை வேறு. தரவரிசை கிண்டியோடு நின்றுவிடும்.

அந்தத் தரவரிசையின் நூறு மதிப்பெண்ணில் பத்து, 'பெயர் எப்படி இருக்கிறது' என்பதற்கு. கல்வியாளர்களையும் வேலை கொடுப்பவர்களையும் கேட்பார்கள். மேலூர் அரசுக் கல்லூரியின் பெயரை டெல்லியில் உட்கார்ந்திருக்கும் ஒரு நிறுவன அதிகாரி எங்கே கேள்விப்பட்டிருப்பார்? சென்னை மாநிலக் கல்லூரி 1840-இலிருந்து பெயர் சேர்த்து வைத்திருக்கிறது. 2022, 2023 இரண்டு ஆண்டும் நாட்டிலேயே மூன்றாவது கல்லூரியாக வந்தது. மகிழ்ச்சி. பத்து வருடத்துக்கு முன் ஊர்க்கோடியில் திறந்த அரசுக் கல்லூரிக்கு அந்தச் சேமிப்பு ஏது?

சரி, இனி என் கட்சி. ஓர் அரசுக் கல்லூரி முதல்வரால் ஒரு உதவிப் பேராசிரியரை நியமிக்க முடியாது. அது ஆசிரியர் தேர்வு வாரியத்தின் வேலை. இடமாற்றம் கல்லூரிக் கல்வி இயக்ககத்தின் கையில். கட்டடம் பொதுப்பணித் துறை. பணம் நிதித் துறை. அந்த மனிதர் கையில் இருப்பது வருகைப் பதிவேடும் மணியும்தான். ரேஷன் கடைக்குச் சர்க்கரை வரவில்லை என்பதற்காக எடை போடும் ஊழியருக்கு மதிப்பெண் குறைப்பதைத்தான் நாம் கல்லூரி மதிப்பீடு என்று நடத்திக்கொண்டிருக்கிறோம்.

4,000 உதவிப் பேராசிரியர்களைத் தேர்ந்தெடுக்கப்போவதாக 2024 மார்ச்சில் அறிவித்தார்கள். தேர்வு தள்ளிப்போனது. 2025 அக்டோபரில் புதிய அறிவிப்பு வந்தபோது எண்ணிக்கை 2,708 ஆகச் சுருங்கியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் வகுப்பெடுத்தவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். பெயரில் கௌரவம்; சம்பளம் வருடத்துக்கு 11 மாதம். மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று யுஜிசி 2019-இல் சொன்னது. இங்கே 25,000 ஆவதற்கே எத்தனை போராட்டம்! முனைவர் பட்டமும் 'நெட்' தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வைத்துக்கொண்டு நாற்பத்தைந்து வயதில் மே மாதச் சம்பளம் இல்லாமல் இருப்பவரிடம் போய் "உங்கள் ஆராய்ச்சிக் கட்டுரைகள் எத்தனை?" என்று கேட்க எந்தக் குழுவுக்கும் வாய் வரக்கூடாது. ஆனால் வருகிறது, அதற்கென்று ஒரு படிவமே இருக்கிறது.

ஆகவே மதிப்பெண் அட்டை கொடுப்பதானால் அரசுக்குக் கொடுங்கள். இது என் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு ஓர் அமைப்பு இதைச் செய்தது: கல்லூரிகளை விட்டுவிட்டு 50 மாநிலங்களுக்கும் உயர்கல்வியில் மதிப்பெண் அட்டை போட்டது. எத்தனை பேர் கல்லூரிக்கு வருகிறார்கள், எத்தனை பேர் முடிக்கிறார்கள், சாமானியக் குடும்பத்தால் கட்டணம் கட்ட முடிகிறதா என்று தனித்தனிப் பாடங்கள். 2008-இல் 'கட்டணம் கட்டுப்படியாகிறதா' என்ற பாடத்தில் 49 மாநிலங்கள் ஃபெயில். தப்பியது கலிஃபோர்னியா ஒன்றுதான், அதுவும் மலிவான சமூகக் கல்லூரிகளின் புண்ணியத்தில். எனக்குப் பிடித்தது வேறு. 2000 அட்டையில் 'மாணவர்கள் என்ன கற்றார்கள்' என்ற பாடத்தில் 50 மாநிலங்களுக்கும் மதிப்பெண்ணே போடவில்லை. 'முழுமை பெறவில்லை' என்று எழுதிவிட்டார்கள். ஒப்பிட்டுச் சொல்லத் தரவு இல்லையாம். எங்களுக்குத் தெரியாது என்று அச்சில் போட்ட குழுவை நான் கும்பிடுகிறேன்.

அப்படி ஓர் அட்டை நம் மாநிலத்துக்குப் போட்டால் எல்லாமே சிவப்பாக இருக்காது. 2021-22 கணக்கெடுப்பில் கல்லூரி வயதில் இருப்பவர்களுக்கு உயர்கல்விச் சேர்க்கை நாடு முழுக்க 28.4 சதவீதம், இங்கே 47. பெண்களும் ஆண்களுக்குச் சமமாக வருகிறார்கள். இதில் அரசுக் கல்லூரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளையைப் பட்டதாரியாக்கி அனுப்புகிற கல்லூரியும், 95 விழுக்காடு எடுத்தவனை மட்டும் சேர்த்து அவனைத் தேர்ச்சி பெறவைக்கிற கல்லூரியும் ஒரே பட்டியலில் ஓடுவது எந்த ஊர் நியாயம்? தேர்ச்சி விகிதத்தைப் பெரிதாகப் பேசுகிறவர்களுக்கு உங்கள் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 1854-இல் தொடங்கிய கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றதில் கோட்டைவிட்டு, உதவித்தொகையை இழந்து வெளியேறியவர் ராமானுஜன். இன்றைய படிவத்தில் அவர் 'இடைநின்றோர்' கட்டத்தில் ஓர் எண்.

உங்கள் மகள் விஷயம். சேருங்கள். தரவரிசையைப் பார்க்க வேண்டாம். கல்லூரி நடக்கும் ஒரு செவ்வாய் அல்லது புதன்கிழமை காலை பதினொரு மணிக்குப் போய்ப் பாருங்கள். அவள் சேர நினைக்கும் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர் என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள், அலுவலகத்தில் கேட்காதீர்கள். நூலகம் எத்தனை மணிக்கு மூடுகிறது, பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்பதை மகளே போய்ப் பார்க்கட்டும். இரண்டாம் ஷிப்ட் கிடைத்தால் மாலை வீட்டுக்குப் பேருந்து உண்டா என்று விசாரியுங்கள். அரசுப் பள்ளியில் படித்தவளாக இருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். வங்கிக் கணக்கை இப்போதே தொடங்கிவையுங்கள். விண்ணப்பம் மே மாதம் இணையத்தில் திறக்கும்.