கேள்வி-பதில்: பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஹோம் தியேட்டர் பற்றியவை. சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: அறுபதாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். வரவேற்பறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. 5.1 செட் வாங்கலாமா, சவுண்ட்பார் போதுமா?
– வாசகர், ஆரையம்பதி

பதில்: உங்கள் கதிரை பின்சுவரோடு ஒட்டியிருக்கிறதா? அந்த அளவு அறையில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். 5.1 என்பது முன்னே மூன்று ஸ்பீக்கர், பின்னே இரண்டு, ஆழ்ந்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர். பின் ஸ்பீக்கர்கள் கேட்பவரின் இருபுறமும் சற்றே பின்தள்ளி நிற்க வேண்டும். சுவரில் தலை சாய்த்து உட்காருபவருக்கு அதற்கு இடமே இல்லை. அதோடு, அறுபதாயிரத்தை ஆறு ஸ்பீக்கருக்குப் பங்கிட்டால் ஆறும் மட்டமாகத்தான் இருக்கும். தனிச் சப்வூஃபரோடு வரும் சவுண்ட்பார் (தொலைக்காட்சிக்குக் கீழே வைக்கும் நீண்ட ஒற்றை ஸ்பீக்கர்) வாங்குங்கள். நடு ஸ்பீக்கரும் உள்ள 3.1, அதாவது முன்னே மூன்றும் ஒரு சப்வூஃபரும், இந்தத் தொகைக்குள் கிடைத்தால் அதையே எடுங்கள். 5.1 ஒலியில் தயாரான படங்களில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கே வருகிறது.

பொறுமை உள்ளவர் என்றால் இன்னொரு வழி உண்டு. பாவித்த ஏவி ரிசீவர் (படத்தையும் ஒலியையும் வாங்கி ஸ்பீக்கர்களுக்கு வலு கொடுக்கும் பெட்டி) ஒன்றும் நல்ல ஸ்பீக்கர் இரண்டும் இப்போது வாங்கி, மற்றவற்றைப் பணம் சேரச் சேரப் பூட்டலாம். பழைய ரிசீவர் 4கே படத்தைக் கடத்தாமல் போகலாம். அது பெரிய குறையல்ல. படம் தரும் கருவியைத் தொலைக்காட்சியில் நேரடியாகப் பொருத்தி, ஒலியை மட்டும் ரிசீவருக்கு அனுப்பலாம். ஆனால் ரிசீவரின் ஒவ்வொரு சானலிலும் (ஒரு ஸ்பீக்கருக்கு ஒலி போகும் தனி வழி) ஸ்பீக்கர் பொருத்திக் கேட்காமல் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: தங்க முலாம் பூசிய எச்டிஎம்ஐ வயர் (படமும் ஒலியும் கடத்துவது) எட்டாயிரம் ரூபாய் சொல்கிறார்கள். ஒலி கூடுமா?
– வாசகர், செங்கலடி

பதில்: கூடாது.

கேள்வி: கல்முனையில் ஒரு கடையில் 10,000 வாட் செட், பக்கத்துக் கடையில் 3,000 வாட் செட். இரண்டும் ஒரே விலை. 10,000 தானே இலாபம்?
– வாசகர், பாண்டிருப்பு

பதில்: இரண்டு எண்களும் பொய். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

உங்கள் வீட்டுச் சுவரில் உள்ள 13 அம்பியர் பிளக் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 3,000 வாட் வரைதான் தரும். 10,000 வாட் வேண்டுமானால் 43 அம்பியருக்கு மேல் மின்சாரம் ஓட வேண்டும். நம்மில் பெரும்பாலானோரின் வீட்டு இணைப்பே 30 அம்பியர்தான். அப்படியானால் அந்தச் சிறிய பெட்டி எங்கிருந்து எடுக்கிறது 10,000 வாட்டை?

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிடும் அந்த எண்ணைப் பி.எம்.பி.ஓ. என்பார்கள். கண்ணிமைக்கும் நேரத்துக்கு எட்டக்கூடியதாகச் சொல்லப்படும் உச்சம் அது. அதை அளப்பதற்குப் பொதுவான விதி ஏதும் இல்லாததால், போடுகிறவர் மனம்போல் போடுகிறார். நீங்கள் கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வலு. அதையும் கடைக்காரர் வாயால் சொல்ல வைத்து நம்பாதீர்கள். செட்டின் பின்பக்கத் தகட்டில் அது எடுக்கும் மின்சாரம் எழுதப்பட்டிருக்கும். நான் வாங்கிய முதல் செட்டின் அட்டைப்பெட்டியில் 5,000 வாட் என்றிருந்தது. பின்பக்கத் தகட்டில் இருந்தது 60 வாட். 60 வாட் எடுக்கும் கருவி தொடர்ந்து 60 வாட் ஒலியைக்கூடத் தர முடியாது, ஒரு பகுதி சூடாகிப் போய்விடும். அந்த செட் ஒரு மழைக்காலம் தாண்டவில்லை.

வலு இரட்டித்தால் சத்தமும் இரட்டிக்கும் என்பதும் தவறு. வாட் இரு மடங்கானால் ஒலி 3 டெசிபல்தான் ஏறும், காதுக்குச் சிறு வித்தியாசம். சத்தம் இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட் தேவை. வீட்டறைக்கு நேர்மையான 30 வாட் தாராளம்.

இலங்கையில், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வாங்குபவரை ஏமாற்றும் பொய்யான கூற்றுகளைத் தடை செய்கிறது. கடைத்தெருவில் அந்த எண்கள் இன்னும் பளபளத்துக்கொண்டுதான் இருக்கின்றன. சுமந்து கொண்டுபோகிறவர் சம்பளத்தை மிச்சம் பிடித்து வந்த மனிதர். அதுதான் என்னை வருத்துகிறது.

கேள்வி: 5.1 செட் வாங்கிப் பூட்டிவிட்டேன். பின் ஸ்பீக்கரிலும் முன் ஸ்பீக்கரில் வரும் அதே சத்தமே வருகிறது. செட் பழுதா?
– வாசகர், ஏறாவூர்

பதில்: சிவப்பு, வெள்ளை வயர்கள் இரண்டால் தொலைக்காட்சியோடு இணைத்திருக்கிறீர்கள், அப்படித்தானே? அந்த வழியில் இரண்டு சானல் ஒலிதான் போகும். செட் அதையே எல்லா ஸ்பீக்கருக்கும் பிரதி எடுத்து ஊட்டுகிறது. செட்டின் பின்னால் எச்டிஎம்ஐ ஏஆர்சி அல்லது ஒப்டிக்கல் துவாரம் இருந்து, 5.1 ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறையான டொல்பி டிஜிட்டலைப் பிரிக்கும் வசதியும் இருந்தால் அதில் பொருத்துங்கள். தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் பிசிஎம் என்பதை மாற்றி பிட்ஸ்ட்ரீம் ஆக்குங்கள். பார்க்கும் படமும் 5.1 ஒலியில் தயாரானதாக இருக்க வேண்டும். யூடியூபில் பெரும்பாலும் இரண்டு சானல்தான். அந்தத் துவாரங்கள் எதுவும் இல்லையென்றால் நீங்கள் வாங்கியது ஆறு பெட்டியில் அடைத்த ஸ்டீரியோ. கடையிலேயே செட்டைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும்.

கேள்வி: ஒரு மாதத்தில் சப்வூஃபர் நின்றுவிட்டது. உத்தரவாத அட்டையில் கடை முத்திரை இல்லை, ஆகவே செல்லாது என்கிறார்கள். முத்திரை குத்தாமல் தந்ததே அவர்கள்தான். மகளின் பிறந்தநாளுக்காக நகை அடகு வைத்து வாங்கியது.
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: சகோதரி, தவறு உங்களுடையதல்ல. முத்திரை இடுவது விற்பவரின் பொறுப்பு. குறைபாடுள்ள பொருளுக்காகப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் எழுத்தில் முறையிடலாம். விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது, தள்ளிப் போடாதீர்கள். விசாரித்து, பொருளை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பவோ நட்டஈடு கொடுக்கவோ உத்தரவிட அதிகாரசபைக்கு அதிகாரம் உண்டு. பற்றுச்சீட்டு, அந்த முத்திரையில்லா அட்டை, செட்டின் தொடர் இலக்கத்தின் புகைப்படம், கடையில் பேசியவரின் பெயர், பேசிய திகதி எல்லாவற்றையும் இணையுங்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். முறைப்பாட்டின் பிரதியோடு ஒருமுறை கடைக்குப் போய்ப் பாருங்கள். பல கடைக்காரர் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவார்கள். முடிவை எனக்குக் கட்டாயம் எழுதுங்கள்.

கேள்வி: முகநூலில் படம் பார்த்து வாங்கினேன். புது வீடு குடிபுகும்போது பூட்டலாம் என்று நான்கு மாதம் பெட்டியைத் திறக்கவில்லை. இப்போது ஒரு பின் ஸ்பீக்கர் பேசவில்லை. பற்றுச்சீட்டு வாங்கவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: மேலே உள்ள பதிலில் மூன்று மாதம் என்பதைப் படித்தீர்களா? கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது சட்டம், நீங்கள் கேட்கவே இல்லை. இனிச் செய்யக்கூடியது இதுதான்: பேசாத ஸ்பீக்கரையும் பேசும் ஸ்பீக்கரையும் இடம் மாற்றிப் பொருத்துங்கள். பேசாமை அந்த ஸ்பீக்கரோடு சேர்ந்து நகர்ந்தால் ஸ்பீக்கரோ அதன் வயரோ பழுது, செலவு குறைவு. அதே துவாரத்தில் நின்றால் உள்ளே பழுது, திருத்துபவரிடம் போங்கள்.

கேள்வி: படத்தில் பேச்சுக் கேட்கவில்லை. சண்டை வந்தால் பக்கத்து வீடு அதிர்கிறது. கணவர் ரிமோட்டைக் கீழே வைப்பதே இல்லை.
– வாசகி, நிந்தவூர்

பதில்: செட்டின் அமைப்பில் நடு ஸ்பீக்கரின் அளவை மட்டும் மூன்று நான்கு படி ஏற்றுங்கள். நைட் மோட் இருந்தால் போடுங்கள், அது பெரிய சத்தத்தையும் சிறிய சத்தத்தையும் நெருக்கிக் கொண்டுவரும். சப்வூஃபரை அறை மூலையிலிருந்து வெளியே எடுங்கள், மூலை அதிர்வைப் பெருக்கும். நடு ஸ்பீக்கர் அலுமாரித் தட்டின் உள்ளே பதுங்கியிருந்தால் விளிம்புக்கு இழுத்து, காதை நோக்கிச் சற்றுச் சாயுங்கள். சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் பேச்சைக் குழப்பும். மருதமுனைக் கைத்தறியில் தடித்த திரைச்சீலை, தரையில் ஒரு கம்பளம். இவை செய்யும் உதவியை விலையுயர்ந்த செட்கூடச் செய்யாது.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்கு செட்டின் பிளக்கைக் கழற்றத்தான் வேண்டுமா? சர்ஜ் புரொடெக்டர் (திடீரென ஏறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் கருவி) இருக்கிறது.
– வாசகர், வாழைச்சேனை

பதில்: கழற்றத்தான் வேண்டும், இடி தொடங்குவதற்கு முன்பே. அன்டெனா வயரையும் கழற்றுங்கள். அது தொலைக்காட்சிக்குள் கொண்டுவரும் மின்னல் எச்டிஎம்ஐ வழியாக செட்டுக்கும் போய்விடும்.