எண்ணெயில் நானோதுகள்: மின்கடத்துதிறன் சூத்திரத்தைத் தாண்டி ஏறுவது ஏன்?

டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் கன அளவில் 0.1% டைட்டானியம் டை ஆக்சைடு நானோதுகள்களை ஓலிக் அமிலத்தோடு கலந்ததும் மின்கடத்துதிறன் பல மடங்கு ஏறிவிட்டது, துகள் கலந்த திரவத்தின் கடத்துதிறனைக் கணக்கிடும் மேக்ஸ்வெல் சூத்திரத்தோடு ஒத்துவரவில்லை, அளவீடும் மெல்ல இறங்கிக்கொண்டே போகிறது என்று கேட்டிருந்தீர்கள். ஒத்துவராதுதான். அந்தச் சூத்திரத்தில் துகள் அசையாத, மின்னூட்டமில்லாத உருண்டை. துகள் உலோகமாகவே இருந்தாலும் இந்த அளவுக்குச் சூத்திரம் தரும் உயர்வு சுமார் 0.3% தான். உங்கள் துகள்களோ மேற்பரப்பில் மின்னூட்டத்தைச் சுமந்து மின்புலத்தில் நகர்கின்றன.

ஆனாலும் என் முதல் சந்தேகம் துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கச் சேர்க்கும் ஓலிக் அமிலத்தின் மேல்தான், அப்புறம் ஈரம்; இவையும் கடத்துதிறனை ஏற்றக்கூடும். துகள் இல்லாமல், அதே அளவு அமிலம் மட்டும் கலந்த எண்ணெயை அதே வெப்பநிலையில் அளந்து பாருங்கள். பொடியை நன்றாக உலர்த்திவிட்டுக் கலக்குங்கள்.

அளவீடு மெல்ல இறங்கிக்கொண்டே போவது கருவிக் கோளாறு இல்லை. டிசி (ஒரே திசை) மின்னழுத்தத்தில் எண்ணெயிலுள்ள அயனிகள் (மின்னூட்டமுள்ள நுண்துகள்கள்) மின்வாய்களில் போய் ஒதுங்குகின்றன. ஒரு நிமிடத்தில் அளவெடுங்கள், மின்வாய்களைச் சிறிது நேரம் ஷார்ட் செய்து வையுங்கள், பிறகு துருவத்தை மாற்றி அளந்து சராசரி எடுங்கள்.