தையல் ஊசியும் கத்தரிக்கோலும் கைப்பையில் வைத்து விமானத்தில் ஏறலாமா?

முதலில் ஊசி, நூல், எம்பிராய்டரி வளையம். பெரும்பாலும் இவற்றுக்குத் தடை இல்லை. குரோஷே ஊசி, ஸ்வெட்டர் பின்னும் ஊசி எல்லாம் அமெரிக்காவில் கைப்பையிலேயே போகலாம்.

சிக்கல் வெட்டும் பொருள்களில்தான். கத்தரிக்கோலை முழு நீளத்துக்கு அளக்கக் கூடாது. நடுவில் திருகு இருக்கிறதே, அங்கிருந்து முனை வரைதான் கணக்கு. அமெரிக்காவில் அது 4 அங்குலத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 6 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஆக, ஒரு விமான நிலையத்தில் அனுமதித்த கத்தரிக்கோலை இன்னொன்றில் பறிமுதல் செய்துவிடக்கூடும். திரும்பி வரும் ஊரின் விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

துணி வெட்டும் உருளைக் கத்தி, அதன் மாற்று பிளேடு, உள்ளே வட்ட பிளேடு வைத்த பதக்கம் போன்ற நூல்வெட்டி, இவை செக்-இன் பெட்டிக்குத்தான். பதக்கத்தைப் பார்த்தால் நகை மாதிரி இருக்கும், ஆனால் ஸ்கேனரில் பிளேடு பளிச்சென்று தெரியும்.

நூல் அறுக்க என் யோசனை: பல் இடுக்கில் விடும் ஃப்ளாஸ் டப்பா. அதன் வாயிலுள்ள சின்ன உலோகப் பல்லில் நூலை மாட்டி இழுத்தால் போதும். தடித்த கம்பளி நூலுக்கு மட்டும் சரிவராது.

அப்புறம், விதி என்ன சொன்னாலும் கடைசி முடிவு சோதனை அதிகாரியுடையது. பாட்டி கொடுத்த கத்தரிக்கோலை வீட்டிலேயே வையுங்கள். ஊசிகளை மூடியுள்ள டப்பாவில் போடுங்கள், பைக்குள் கைவிடும் அதிகாரிக்குக் குத்திவிடப் போகிறது!