காட்டுக்குப் போக எந்தக் கத்தி? மறையூரிலிருந்து ஒரு பதில்

உங்கள் கேள்வி: டிசம்பரில் சென்னையிலிருந்து நண்பர்கள் நான்கு பேர் கேரளாவில் மூணாறு, மறையூர், சின்னாறு பக்கம் இரண்டு நாள் நடக்கப் போகிறோம், வழி தவறினால் சமாளிக்க எந்தக் கத்தி நல்லது? ஆன்லைனில் 10 அங்குல அலகு, முதுகில் ரம்பப் பல், கைப்பிடிக்குள் திசைகாட்டி என்று ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கலாமா? மடக்குக் கத்தி எப்படி?

வாங்காதீர்கள். அதே இனத்துக் கத்தி ஒன்றை வாங்கி அவமானப்பட்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

எனக்கு அப்போது 22 வயது. ஊர் மறையூர். அப்பா மூணாறுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கவாத்து வெட்டினவர். தேயிலைச் செடியை மட்டமாக வெட்டி விடுவதைத்தான் கவாத்து என்போம். வீட்டில் அவருடைய கவாத்துக் கத்தி, கரும்பு வெட்டும் கத்தி, விறகுக்கு ஒரு அரிவாள் எல்லாம் எரவாணத்தில் செருகிக் கிடந்தன. அவ்வளவு இருந்தும் எனக்குப் பட்டணத்துப் பையன்கள் வைத்திருக்கிற மாதிரி ஒரு 'சர்வைவல்' கத்தி வேண்டும் என்று ஆசை. வாங்கினேன். கைப்பிடியைத் திருகினால் உள்ளே தூண்டில் முள், நான்கு தீக்குச்சி, மூடியில் திசைகாட்டி.

மறையூருக்குப் பக்கத்துக் காந்தளூரில் மாமாவின் தோட்டத்தில் ஒரு மழை ராத்திரி. நனைந்த விறகைப் பிளந்தால் உள்ளே காய்ந்த கட்டை கிடைக்கும் என்று கத்தியை விறகின் தலையில் வைத்து, அதன் முதுகில் இன்னொரு கட்டையால் தட்டினேன். மூன்றாவது தட்டில் கையில் கைப்பிடி மட்டும் இருந்தது. அலகு மாமா மகனின் முழங்காலை உரசின மாதிரி போய்ச் சாணிக் குப்பையில் குத்தி நின்றது. எடுத்துப் பார்த்தால், அலகின் இரும்பு கைப்பிடி ஆரம்பிக்கிற இடத்திலேயே முடிந்துவிட்டிருந்தது. அதற்கப்புறம் சுண்டுவிரல் கனத்தில் ஒரு திருகாணி, கொஞ்சம் பசை. கைப்பிடிக்குள் சாமான் வைக்க வேண்டும் என்றால் அது குழாயாகத்தானே இருந்தாக வேண்டும், இரும்புக்கு இடம் ஏது? திசைகாட்டி மட்டும் தப்பித்தது. விடிந்து பார்த்தால் அது வடக்கு என்று காட்டிக்கொண்டிருந்தது சூரியன் உதிக்கிற பக்கத்தை.

அப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கத்தியாடா இது, திருவிழாக் கடை சாமான்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அது போதாதா?

ஆகவே கத்தி வாங்கும்போது நான் முதலில் கேட்பது, அலகின் இரும்பு கைப்பிடியின் கடைசி வரை ஓடுகிறதா என்பதைத்தான். 'ஃபுல் டேங்' என்று விற்பவர்கள் சொல்வது இதை. கைப்பிடியின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் இரும்பு கோடாகத் தெரிய வேண்டும். இதற்கு விலக்கும் உண்டு. ஸ்வீடனின் மோரா கத்திகளில் பலவற்றில் இரும்பு பிடியின் கடைசி வரை போகாது. ஆனாலும் உருப்படியான கத்திகள், ஏனென்றால் அவற்றைக் குழாயில் பசை போட்டு ஒட்டுவதில்லை. அவற்றால் செதுக்கலாம், சீவலாம், காய் நறுக்கலாம், விறகை மட்டும் அடித்துப் பிளக்க வேண்டாம்.

அடுத்தது நீளம். 4 அங்குலம் போதும். சிரிக்காதீர்கள். காட்டில் இரண்டு நாளில் நீங்கள் செய்யப்போகிற வேலையை யோசித்துப் பாருங்கள்: கயிறு அறுப்பது, சாப்பாட்டுப் பொட்டலம் பிரிப்பது, பழம் நறுக்குவது, கட்டுப் போடத் துணி கிழிப்பது, தீ மூட்டச் சிராய் சீவுவது. இதில் எதற்கு 10 அங்குலம்? நீளமான கத்தியின் முனை கைக்கு எட்டாத தூரத்தில் வேலை செய்கிறது, அதனால்தான் தொடையில் குத்திக்கொள்கிறார்கள். கனம் இரண்டரை மூன்று மில்லிமீட்டர் இருந்தால் சரி. முதுகில் இருக்கிற ரம்பப் பல் மரம் அறுக்கவும் உதவாது, கட்டை விரலை வைத்து அழுத்தவும் விடாது.

பெரிய வேலைக்கு எங்கள் பக்கத்தில் இருப்பது வாக்கத்தி. மலையாளச் சொல்தான், எஸ்டேட் தமிழர்கள் எல்லோர் வாயிலும் அதுவே. நுனி கொஞ்சம் வளைந்து, முன்பக்கம் பாரமாக இருக்கும். பாரம் இறங்குகிற வேகத்திலேயே வெட்டு விழும், கை வலிக்காது. சின்னாற்றில் வழிகாட்டியாக வருகிற முதுவர், புலையர் பழங்குடி ஆட்களில் பலர் அதை இடுப்புக்குப் பின்னால் மாட்டியிருப்பதைப் பார்க்கலாம். வாட்ச்சர், அதாவது வனத்துறைக் காவலர் அண்ணன் ஒருவரோடு நான் நிறைய நடந்திருக்கிறேன். ஒரு முழு நாளில் அவர் அதை உருவுவது இரண்டு முறையோ மூன்று முறையோதான். பாதையில் சாய்ந்த மூங்கில், காலில் மாட்டுகிற கொடி, அவ்வளவே. ஒரு தடவை கேட்டேன், "அண்ணே, யானை வந்தா இத வச்சு என்ன பண்ணுவீங்க?" "கீழ போட்டுட்டு ஓடுவேன், பாரம் குறையும்ல" என்றார்.

விளையாட்டாகச் சொன்னாலும் அதுதான் உண்மை. எங்கள் காட்டில் ஆபத்து யானை, காட்டெருமை, பாம்பு, குளிர், தண்ணீர் இல்லாமை, வெயில் காலத்தில் தீ. இதில் எதற்கும் கத்தி பதில் இல்லை. 2018 மார்ச்சில் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகம் தெரிந்த ஒரு உள்ளூர் ஆள், பையில் இருக்கிற எந்தக் கருவியையும் விடப் பெரியவர். அப்புறம் பாம்பு கடித்தால் கடிவாயைக் கத்தியால் கீறி ரத்தத்தை வெளியேற்றலாம் என்று இன்னமும் சிலர் நம்புகிறார்கள். தயவுசெய்து கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்கு ஆளைத் தூக்கிப் போக வேண்டும்.

இரும்பு விஷயத்துக்கு வருகிறேன். துருப்பிடிக்காத எஃகில் குறைந்தது பத்தரை சதவீதம் குரோமியம் இருக்கும். மழையில் கவலை இல்லை, ஆனால் மலிவான ரகம் சீக்கிரம் மழுங்கும், கல்லில் தீட்டினால் சலிப்பூட்டும். கார்பன் எஃகு சட்டென்று கூர் ஏறும், சும்மா விட்டால் ஒரே ராத்திரியில் செம்புள்ளி விழும். சின்னாறு மழை மறைவுப் பிரதேசம், முள்ளும் கள்ளியும் உள்ள காய்ந்த காடு. அங்கிருந்து பஸ் ஏறி மூணாறு போனால் ஈரம் சட்டைக்குள் வந்து உட்காரும். இரண்டுக்கும் சேர்த்து நடப்பவர் புதியவர் என்றால் துருப்பிடிக்காததையே எடுங்கள். கார்பன் எஃகு வைத்திருப்பவர்கள் தேங்காய் எண்ணெயைத் தடவித் துடைத்து வையுங்கள், அதற்கென்று தனி எண்ணெய் வாங்கத் தேவையில்லை.

நான் இப்போது வைத்திருப்பது உடுமலைப் பக்கம் ஒரு பட்டறையில் அடித்தது. லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி, காய்ச்சி அடித்துக் கொடுத்தார். இரும்பைக் காய்ச்சி முக்கிப் பதம் ஏற்றுவதைத் துவைச்சல் என்பார்கள், பட்டறைக்காரர் அதைப் போடும்போது பக்கத்தில் நிற்க விட்டார். முதலில் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினார். அந்த நிலையில் இரும்பு கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தால் உடையும். பிறகு அலகைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, முதுகுப் பக்கம் மட்டும் மெல்லச் சூடு காட்டினார். இரும்பின் மேல் ஒரு நிறம் ஓடி வரும்: முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். வாய்ப் பக்கம், அதாவது வெட்டுகிற விளிம்பு, வைக்கோல் நிறத்தில் இருக்கும்போதே சட்டென்று நிறுத்திவிட்டார். "மஞ்சளத் தாண்டுனா வாய் மடங்கும் தம்பி, அதுக்கு முன்னாடி எடுத்தா வாய் பொரிஞ்சு போகும். முதுகு நீலமா போகட்டும், அது வளைஞ்சு குடுக்கணும்" என்றார். நிறத்தை வைத்தே அவர் சூட்டை அளந்துவிடுகிறார். வைக்கோல் மஞ்சள் என்பது ஏறக்குறைய 220 டிகிரி, நீலம் 300 வாக்கில். என் உடைந்த அலகையும் காட்டி, இதற்குப் பிடி போட முடியுமா என்று கேட்டேன். அரத்தை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தார், வழுக்காமல் வெண்ணெய் மாதிரி அறுத்துக்கொண்டு போனது. துவைச்சலே காணாத இரும்பு. சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மடக்குக் கத்தி பற்றியும் கேட்டிருந்தீர்கள். மடக்கினால் பூட்டு இருக்க வேண்டும், இல்லையென்றால் குத்தும்போது உங்கள் விரல் மேலேயே மூடும். பிரான்சின் ஒப்பினெல் கத்தியில் சுற்றிப் பூட்டும் ஒரு வளையம் உண்டு, எளிமையான நல்ல ஏற்பாடு. ஆனால் மரப்பிடி ஈரத்தில் ஊதிவிட்டால் திறப்பதற்குள் உயிர் போய்விடும். விக்டோரினாக்ஸ் சின்னதில் அலகுக்குப் பூட்டு இல்லை, இருந்தாலும் நான் அதைத்தான் அதிகம் தேடுகிறேன், அதன் கத்திக்காக அல்ல. அதில் செருகியிருக்கிற முள்வாங்கிக்காக. சின்னாறு காட்டில் முள்ளும் உண்ணியும் தாராளம். உண்ணியைத் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க அதை விட நல்ல சாமான் இல்லை. எங்கள் பாட்டி ஒரு பித்தளை முள்வாங்கியைச் சுருக்குப் பையிலேயே வைத்திருந்தாள்.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் முதலில் கேட்டிருக்க வேண்டிய விஷயம். சின்னாறு 1984 முதல் வனவிலங்கு சரணாலயம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவுப்படி, சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளர் அல்லது அதிகாரம் பெற்ற அலுவலரின் எழுத்து மூலமான முன் அனுமதி வேண்டும். ஆயுதம் என்று அந்தச் சட்டம் சொல்லும் பட்டியலில் துப்பாக்கி, வில், கண்ணி, வலை, விஷத்தோடு கத்தியும் இருக்கிறது. எத்தனை அங்குலம் என்றெல்லாம் அதில் பேச்சு இல்லை. 30ஆம் பிரிவுப்படி சரணாலயத்துக்கு ஆபத்து வரும் விதத்தில் உள்ளே தீ மூட்டுவதும் குற்றம், எனவே சிராய் சீவுகிற வேலையும் அங்கே கிடையாது. இது தவிர 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ உள்ள கத்திகள் தனியாக வருகின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. நீங்கள் பார்த்து வைத்திருக்கிற 10 அங்குலத்தைப் பார்த்து யாரும் விவசாயக் கருவி என்று சொல்லமாட்டார்கள்.

போதாததற்கு மறையூர் சந்தன மரக் காடு. சந்தனம் திருடுகிறவன் கையில் இருப்பதும் கத்தியும் ரம்பமும்தான். ஒரு முறை கரும்பு வெட்டும் கத்தியை பைக் பெட்டியில் மறந்துவிட்டு ஒரு செக்போஸ்டில் மாட்டினேன். உள்ளூர்க்காரன், கரும்புக் காடு இருக்கிறது, அலகில் கரும்புச் சாறு காய்ந்து ஒட்டியிருக்கிறது, இருந்தும் ஒரு மணி நேரம் விளக்கம் சொன்ன பிறகே விட்டார்கள். சென்னைப் பதிவெண் காரில் வருகிற நான்கு பேர் என்ன சொல்லித் தப்புவீர்கள்?

எனவே சரணாலயத்துக்குள் வாட்ச்சரோடு போகும் நாளில் கத்தியைத் தங்குமிடத்திலேயே விட்டுவிடுங்கள். வெட்ட வேண்டியதை அவர் வெட்டிக்கொள்வார். நீங்கள் தண்ணீர், விசில், டார்ச், ஒரு கனமான சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காந்தளூரில் தனியார் தோட்டத்தில் தங்குவதானால் அந்த இரவுக்கு 4 அங்குலத்தில் துருப்பிடிக்காத கத்தி ஒன்று, பிடி ஆரஞ்சோ மஞ்சளோ. புல்லில் விழுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. உறை முக்கியம். எங்கள் ஆட்கள் பிவிசி பைப்பைத் தீயில் வாட்டி, தட்டையாக்கி உறை செய்கிறார்கள், கடை உறையை விட அது உழைக்கும். சீவும்போது உட்கார்ந்து, முழங்கைகளை முழங்கால் மேல் ஊன்றி, உடம்புக்கு வெளியே சீவுங்கள். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று பெரியவர்கள் கீழே வைத்து எடுக்கச் சொல்வார்களே, அதையும் கடைப்பிடியுங்கள், இருட்டில் நான்கு பேர் இருக்கிற இடத்தில் ரொம்ப உதவும்.

வாங்கின கத்தியை ஊரிலேயே ஒரு மாதம் சமையலறையில் புழங்குங்கள். வெங்காயம் நறுக்கக் கை வராத கத்தி காட்டிலும் வராது. உடுமலை வழியாக வருவதானால் அதை உறையோடு துணியில் சுற்றிப் பையின் அடியில் வைத்து, செக்போஸ்டில் அவர்கள் பையைத் திறக்கும் முன்பே இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.